சிறிய காருக்கு 14 வாரக் காத்திருப்பு: உண்மையிலேயே தட்டுப்பாடுதானா?

காலடிப்பேட்டைவாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை கார் இருந்ததில்லை. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஆறரை மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். போகும்போது ஆட்டோவில் ஏதாவது பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உதடு மடங்குவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். அதனால்தான் கடன் வாங்கியாவது கார் என்று முடிவு செய்தேன்.

11,000 ரூபாய் கட்டி, நடுத்தர வகையில் ஒரு சிஎன்ஜி காரை முன்பதிவு செய்தேன். ஆறு வாரம் என்றார்கள். ஆறாவது வாரம் போய் நின்றால் இன்னும் எட்டு வாரம் என்கிறார்கள். காரணம் கேட்டேன். முதலில் சிப் இல்லை என்றார் விற்பனையாளர். அடுத்த முறை, சீனாவிலிருந்து காந்தம் வரவில்லை என்றார். மூன்றாவது முறை, ஆலையில் ஆள் பற்றாக்குறை என்றார். அதே மூச்சில், "சார், ஒன்றரை லட்சம் கூடப் போட்டால் பெரிய வகை இந்த வாரமே தருகிறேன்" என்றும் சொன்னார்.

இந்த மூன்றில் எது உண்மை? காத்திருக்கலாமா, கூடுதல் பணம் போட்டுவிடலாமா? நடுவில் விலை ஏறினால் அது என் தலையில்தான் விழுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓரகடம் பஸ்

தண்டையார்பேட்டையில் விடியற்காலை 4.50-க்குக் கம்பெனி பஸ் ஏறி, கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவுக்குப் போகிறவன் நான். மூன்று காரணங்களுமே ஏதோ ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. உங்கள் வண்டிக்கு, இன்றைக்கு, எது உண்மை என்பதுதான் கேள்வி.

சிப் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஊரடங்கு வந்தபோது கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை என்றானதும் மடிக்கணினி, தொலைக்காட்சி செய்பவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கார் விற்பனை மீண்டபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. சிலிக்கான் தட்டில் ஒரு சிப் உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்று பணம் கொடுத்து நாளை வாங்க முடியாது. அதற்கு மேல் 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல், மார்ச்சில் ஜப்பானில் சிப் செய்யும் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ விபத்து, பிறகு சிப்புகளைச் சோதித்து அடைக்கும் மலேசியாவில் ஊரடங்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் மாருதி வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் செய்ய முடியும் என்று அறிவித்தது. 2022 அக்டோபரில்கூட ஜப்பானில் டொயோட்டா, இரண்டு ஸ்மார்ட் சாவி தரவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றொன்றுக்குச் சாதாரணச் சாவி கொடுத்தது.

இப்போது அந்த அளவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஆபத்து தீர்ந்துவிடவும் இல்லை. 2025 அக்டோபரில் நெதர்லாந்து அரசுக்கும் சீனாவுக்கும் நெக்ஸ்பீரியா என்ற சிப் கம்பெனியை வைத்துத் தகராறு வந்தது. சில ரூபாய் விலையுள்ள சாதாரண டயோடும் டிரான்சிஸ்டரும் வராமல் மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது.

காந்தம் என்றவுடன் மின்சாரக் காருக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் மோட்டாரிலும் அது இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது; அடுத்த மாதமே ஜப்பானில் ஸ்விஃப்ட் உற்பத்தியைச் சுசுகி சில நாள் நிறுத்தியது. எனவே உங்கள் விற்பனையாளர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை சிப், ஒருமுறை காந்தம் என்று மாற்றிச் சொல்கிறார் என்றால் அவருக்கே உண்மைக் காரணம் தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

மணலி மார்க்கம்

காரணம் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் எப்போது பார்த்தாலும் போராட்டம், உள்ளிருப்பு. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவனைப் பற்றி யாருக்காவது கவலை உண்டா? தொழிலாளர்கள் கொஞ்சம் பொறுப்பாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய பிட்டர்

தம்பி மணலிக்கு ஒரு வார்த்தை. எண்ணூரில் லாரி கட்டும் ஆலையில் 34 ஆண்டு பிட்டராக இருந்தவன் சொல்கிறேன்.

வேலைநிறுத்தத்தால் வண்டி தாமதமாவது உண்டு, மறுக்கவில்லை. 2011 ஜூனில் மானேசரில் மாருதித் தொழிலாளர்கள் 13 நாள் நிறுத்தினார்கள். அது அக்டோபர் வரை விட்டுவிட்டு நீண்டது. ஆகஸ்டில் வந்த புதிய ஸ்விஃப்டுக்குக் காத்திருப்பு மாதக்கணக்கில் போயிற்று. ஆனால் நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் கூட வேலை செய்தவர்கள் இறந்துகொண்டிருந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஆலை 25 முதல் 29 வரை ஐந்து நாள் மூடியிருந்தது. ஓரகடத்தில் ரெனோ-நிசான் தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். உயிருக்குப் பயந்து ஐந்து நாள். அதே ஆண்டு சிப் இல்லாமல் நாடு முழுக்க எத்தனை மாதம் லைன் நின்றது? அந்த ஆர்டரை ரத்து செய்தவன் தொழிலாளியா?

இந்த மண்ணில் 1918-லேயே பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். அன்றைக்கும் இதே பேச்சுத்தான்: வேலை கெடுகிறது, பொறுப்பில்லை.

இப்போது நடப்பது வேறு. நான் சேர்ந்த காலத்தில் பயிற்சி முடித்தால் நிரந்தரம். இன்று ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஒப்பந்தக்காரர்கள். ஒரே லைனில், ஒரே நட்டை முடுக்குகிற இரண்டு பேருக்கு இரண்டு சம்பளம். 2023 செப்டம்பர் 15-இல் அமெரிக்காவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியதே, அதன் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று இந்த இரட்டைச் சம்பளத்தை ஒழிப்பதுதான். ஆறு வாரம் நின்று 25 சதவீத உயர்வு வாங்கினார்கள். முழுச் சம்பளத்தை எட்ட எட்டு ஆண்டு என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தார்கள். அங்கே கார் விலை அதனால் மட்டும் ஏறவில்லை. அதற்கு முன்பே, சரக்கு குறைந்த காலத்திலேயே ஏறிவிட்டது.

ராயபுரம் ஜன்னல்

நடுவில் ஒன்று கேட்கிறேன், மன்னிக்கவும். காலடிப்பேட்டை அண்ணா, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உண்டா? சிஎன்ஜி வண்டியில் பின்பெட்டி முழுவதும் சிலிண்டர் படுத்திருக்கும். எங்கள் மாமனாருக்காக வாங்கிய பிறகுதான் கவனித்தோம். நாற்காலியைப் பின் இருக்கையில் வைத்தால் கூட ஒருவர் உட்கார முடிவதில்லை. இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்குக் கீழே பொருத்துகிற வகைகள் இப்போது கிடைக்கின்றன, பாருங்கள்.

காலடிப்பேட்டைவாசி

சகோதரி, மிக்க நன்றி. இப்போதைக்கு நாற்காலி இல்லை, ஆனால் இதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த முறை போகும்போது பின்பெட்டியைத் திறந்து அளந்து பார்க்கிறேன்.

எர்ணாவூர் அலை

நான் வயரிங் ஹார்னஸ், அதாவது காருக்கான வயர்க் கட்டு, செய்யும் ஆலையில் மூன்றாவது ஆண்டாக வேலை செய்கிறேன். பயிற்சித் தொழிலாளி என்று அட்டையில் இருக்கிறது. "ஆள் பற்றாக்குறை" என்று விற்பனையாளர் சொன்னதைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காரின் உடம்புக்குள் ஓடும் வயர்க் கட்டு பெரும்பாலும் கையால் செய்வது. ஆள் உயரத்துக்குச் சாய்ந்த பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். பலகையில் முளை அடித்து வயர் போகும் பாதை வரைந்திருக்கும். என் இடத்தில் 22 வயர். ஒவ்வொரு முனையையும் கனெக்டருக்குள் தள்ள வேண்டும், "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும், பிறகு மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. பலகை அடுத்தவளிடம் நகர்வதற்குள் 22 முறை. மழைக்காலத்தில் கூரை இரைச்சலில் சத்தம் கேட்காது, விரல் நுனியில்தான் உணர வேண்டும். புதிதாக வருகிறவளுக்கு அந்த உணர்வு வர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை அவள் பக்கத்துப் பலகைக்காரிதான் அவளுடையதையும் சேர்த்து இழுத்துப் பார்ப்பாள்.

இதை இயந்திரம் செய்யாது. வயர் வளையும், துவளும், ஒவ்வொரு வண்டிக்கும் வகை மாறும். 2022-இல் உக்ரைனில் போர் தொடங்கியதும் அங்கிருந்த ஹார்னஸ் ஆலைகள் நின்றன. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ லைன்களே நின்றுவிட்டன என்று எங்கள் மேற்பார்வையாளர் வகுப்பில் சொன்னார். அன்றுதான் என் வேலையின் மதிப்பு எனக்கே தெரிந்தது.

ஆனால் கைப்பழக்கம் வந்த நேரத்தில்தான் ஒரு தொகுதிக்குக் காலம் முடிகிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். 30 பேர் போவார்கள், 30 பேர் புதிதாக வருவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். அந்த மாதம் திரும்பி வரும் ஹார்னஸ் எண்ணிக்கையும் ஏறும். பொங்கலுக்கு நம் ஊர்ப் பெண்கள் விடுப்பு, ஹோலிக்கு ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் விடுப்பு. போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. ஆள் கிடைக்காமல் இல்லை ஐயா. பழகிய ஆளை வைத்துக்கொள்வதில்லை.

ஒன்று கூடச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு என் கணவரும் நானும் பழைய வண்டி ஒன்று வாங்கக் கடன் கேட்டோம். என் சம்பளச் சீட்டில் "பயிற்சித் தொழிலாளி" என்று இருப்பதால் என் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள் வங்கியில். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கார்களுக்கு வயர் கோக்கிறேன்.

பழைய பிட்டர்

மகளே, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். சிறிய கார் விற்கவில்லை, ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று பெரிய கம்பெனிக்காரர்களே சில ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். முதல் கார் வாங்க வேண்டியவர்களே இந்த லைனில் நிற்பவர்கள்தான். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லையென்றால் யார் வாங்குவார்கள்?

ஓரகடம் பஸ்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிப் பஞ்ச காலத்தில் கையில் இருந்த சிப்பை எந்த வண்டிக்குப் போடுவது என்று கம்பெனிகள் தேர்ந்தெடுத்தன. லாபம் அதிகமுள்ள பெரிய வண்டிக்குத்தான் முதலிடம். சிறிய வண்டி, சிஎன்ஜி, அடிப்படை வகை எல்லாம் பின்னால் தள்ளப்பட்டன. அந்தப் பழக்கம் பஞ்சம் தீர்ந்த பிறகும் போகவில்லை. கையிருப்பு வைக்காத முறையும் போகவில்லை. 2011-இல் ஜப்பானில் வந்த சுனாமிக்குப் பிறகு சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி டொயோட்டா தன் சப்ளையர்களிடம் கேட்டது. அதனால்தான் 2021-இன் தொடக்கத்தில் அவர்களால் மற்றவர்களைவிடத் தாக்குப்பிடிக்க முடிந்தது. இருப்பு வைக்கப் பணம் வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனி மிச்சம் பிடிக்கிறது. காத்திருப்பு என்ற பெயரில் நீங்கள் கட்டுகிறீர்கள்.

துறைமுகச் சாலை

நான் எண்ணூர் பக்கம் சரக்குப் பெட்டக வேலை. இங்கே பலருக்கு ஒரு கோபம் இருக்கிறது, நேரில் கேட்டிருக்கிறேன்: "நமக்கு வண்டி இல்லை என்கிறார்கள், கப்பல் கப்பலாக வெளியே போகிறதே" என்று. 2010-இல் நிசான் இங்கிருந்து ஏற்றுமதி தொடங்கியதிலிருந்து துறைமுகத்தில் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் போகிறவை வெளிநாட்டுக்கென்றே செய்தவை. சிலவற்றுக்கு ஸ்டியரிங்கே இடப்பக்கம். உங்கள் சிஎன்ஜி வண்டியை யாரும் கப்பலில் ஏற்றிவிடவில்லை.

முன்னாள் ஷோரூம்

ஒன்பது ஆண்டு விற்பனையில் இருந்தேன், எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானது. அதற்கு முன் வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. வாங்கலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். தட்டுப்பாட்டில் பெரிய பங்கு இந்தக் கூட்டம்தான். ஆலை திடீரென்று சிறிய வண்டியை இரட்டிப்பாக்க முடியாது. அதற்கு ஹார்னஸ் வேண்டும், அதற்கு எர்ணாவூர்ச் சகோதரி போன்ற பழகிய கைகள் வேண்டும்.

பெரிய வகை இந்த வாரமே கிடைப்பது ஏன்? அது ஏற்கெனவே விற்பனை நிலையத்தின் யார்டில் நிற்கிறது. கம்பெனிக்குப் பணம் கட்டி எடுத்த வண்டி. நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும். மாதக் கடைசியில் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்பின் பொருள் அதுதான்.

அந்த ஒன்றரை லட்சமும் ஒன்றரை லட்சத்தோடு நிற்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. உங்கள் வண்டி 9.20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி 1,19,600 ரூபாய். 10.70 லட்சம் வண்டிக்கு 1,92,600. விலையில் ஒன்றரை லட்சம், வரியில் 73,000, ஆக 2.23 லட்சம். காப்பீடு வேறு ஏறும்.

நாளைக்குப் போய் இதை எழுத்தில் கேளுங்கள். விலை முன்பதிவு நாளின் விலையா, டெலிவரி நாளின் விலையா? பெரும்பாலும் படிவத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் "டெலிவரி நாளில் உள்ள விலை" என்றுதான் இருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? உங்கள் வரிசை எண் என்ன, அதே நிறத்துக்கா, எல்லா நிறத்துக்குமா? வேறு நிறத்துக்கு ஒப்புக்கொண்டால் சில நேரம் ஐந்து வாரம் குறையும். வண்டி ஒதுக்கப்பட்டதும் சேசிஸ் எண்ணை, அதாவது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண்ணை, கேளுங்கள். எண் தராதவரை ஒதுக்கவில்லை என்று பொருள். படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், முழுப் பணம் கட்டும் முன் பாருங்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

வியாசர்பாடி டாக்சி

2021 கடைசியில் இரண்டாவது டாக்சிக்கு முன்பணம் கட்டினேன். நான்கு மாதம் என்றது ஒன்பது மாதமானது. அதற்குள் இரண்டு முறை விலை ஏறியது, இரண்டையும் நான்தான் கொடுத்தேன். காத்திருந்த காலத்தில் பழைய வண்டியின் கியர்பாக்ஸ் போய்ச் செலவு வேறு. பழைய கார் வாங்கிவிடலாம் என்று பார்த்தால், புதியது கிடைக்காததால் மூன்று வயது வண்டி ஏறக்குறையப் புதிய விலைக்கு விற்றது. அந்த ஆண்டு நான் பட்டதை யாரும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கூடுதலாக இரண்டு லட்சத்தைக் கடனில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். காத்திருப்பு முடியும், தவணை ஐந்து ஆண்டு நிற்கும்.

மணலி மார்க்கம்

எர்ணாவூர்ச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை மாற்ற நினைத்தேன், பிறகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். போராட்டத்தை மட்டும் பார்த்தேன். பழகியவர்களை மாற்றுவதால் நிற்கிற லைன் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. பிட்டர் ஐயா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலடிப்பேட்டைவாசி

இன்று போய்விட்டு வந்தேன். படிவத்தின் பின்பக்கம் ஷோரூம் நண்பர் சொன்ன அதே வரி இருந்தது. மேலாளரைப் பார்த்து, ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். விலை மாறாது என்று எழுதித் தர மாட்டேன் என்றார். ரத்து செய்தால் முழு முன்பணத்தையும் ஏழு நாளில் திருப்பித் தருவதாக எழுதித் தந்தார். வரிசை எண் 31. சிவப்புக்கு மட்டும்தானாம், வெள்ளையோ சாம்பலோ என்றால் 12. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "எனக்கு நிறமா முக்கியம்?" என்றார். வெள்ளைக்கு மாற்றிவிட்டேன். பின்பெட்டியையும் அளந்தேன். இந்த வண்டியில் சிலிண்டர் தரைக்குக் கீழே. நாற்காலி மடக்கினால் நுழைகிறது. பெரிய வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எப்படியும் இன்னும் ஐந்தாறு வாரம் ஆட்டோதான்.

வியாசர்பாடி டாக்சி

தம்பி, எந்த மருத்துவமனை என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் எண்ணூரில் ஒரு ஷிப்ட் ஆளை இறக்கிவிட்டு, காலி வண்டியாகத்தான் காலடிப்பேட்டை வழியாகத் திரும்புகிறேன். டீசல் காசு கொடுத்தால் போதும். திரும்பும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கும் பார்க்கிறேன். முன் இருக்கையைச் சாய்த்துவிட்டால் அம்மா படுத்தே வரலாம்.

காலடிப்பேட்டைவாசி

அண்ணா, செய்தி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மார்க்கெட் முனையில் அம்மாவோடு நிற்கிறேன்.